இடது பின்சக்கரத்து டொக்

எங்கள் சித்தப்பாவின் கல்யாணம் ஒரு ‘டொக்’கில் மாட்டிக்கொண்டு நின்றது. பெண் பிடித்திருந்தது, ஜாதகம் சேர்ந்திருந்தது, இரண்டு வீட்டிலும் தேத்தண்ணி குடித்து முடித்தாயிற்று. ஆனால் சித்தப்பாவின் மோட்டார் காடிக்குப் பின்புறம் எங்கோ ஒரு டொக், அப்புறம் இரண்டு டொக், கொஞ்ச தூரம் அமைதி, மறுபடியும் ஒரு டொக். அது என்னவென்று கண்டுபிடித்துச் சொன்னால்தான் பெண் என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார். கடைசியில் கண்டுபிடித்தது நான்தான். இன்றைக்கு இரண்டு காதிலும் மிஷின் மாட்டிக்கொண்டு, எதிரில் இருப்பவர் சொன்னதை மூன்று தரம் கேட்கிற கிழவி இப்படிச் சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன.

அப்போது எனக்குப் பத்து வயசு. மெர்லிமாவுக்கும் சுங்கை ரம்பாய்க்கும் நடுவே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். மலாயாவில் அவசரகாலம். வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி, வேலிக்கு ஒரே வாசல், வாசலில் துப்பாக்கியோடு காவல். இருட்டுவதற்குள் எல்லாரும் உள்ளே வந்துவிட வேண்டும். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஒரு பிடி அரிசியைக்கூட வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். கடையில் டின்பால் வாங்கினால் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள், யாரும் சேர்த்துவைக்கக் கூடாதென்று. பெரியவர்களுக்கு அதெல்லாம் பெரிய உபத்திரவமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அந்த ஓட்டையிலிருந்து வழிகிற பாலை விரலில் எடுத்து நக்கிக்கொண்டு வருவது பிடித்திருந்தது.

என் காதைப் பற்றித் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். கட்டைச் செருப்புச் சத்தத்தை வைத்தே யார் வருகிறார்கள் என்று வீட்டுக்குள் இருந்தபடி சொல்லிவிடுவேன். யார் வீட்டில் வெங்காயம் நறுக்குகிறார்கள், யார் வீட்டில் சண்டைக்கு முன்னால் தொண்டையைச் செருமுகிறார்கள், எல்லாம் வந்து விழும். பாம்புக் காதுடி உனக்கு என்று அம்மா சொல்வாள். பெருமையாகச் சொன்னதில்லை. என்னை வைத்துக்கொண்டு எதையும் பேச முடியவில்லை என்கிற எரிச்சலில் சொன்னது.

சித்தப்பா அப்பாவுக்கு ஒரே தம்பி. எங்கள் வீட்டில்தான் இருந்தார். தோட்டத்து லாரியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவர், திடீரென்று ஒருநாள் மலாக்காவிலிருந்து ஒரு பழைய கறுப்புக் காடியை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். யாரோ வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனதாம். அதை வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னார். தோட்டத்து முச்சந்தியிலிருந்து மலாக்கா டவுனுக்கு ஆள் ஏற்றிப் போவது, ஆள் ஏற்றி வருவது. மாரியம்மன் கோவில் முன்னால் நிறுத்திக் கற்பூரம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். பழம் நசுங்கி முடிந்து பத்தடி போவதற்குள் பின்னால் டொக் என்றது. எல்லாரும் தேங்காய் உடைத்த சத்தம் என்று நினைத்துக்கொண்டோம்.

சாதாரண நாளாக இருந்தால் ஒரு டொக் யாரையும் ஒன்றும் செய்திருக்காது. அப்போதோ சடக்கில், ரோட்டைத்தான் அப்படிச் சொல்வோம், ஒரு கிளை முறிந்தாலே ஜனங்கள் குனிந்துகொண்ட காலம். ஜாசினிலிருந்து வந்த ஒரு பெரியவர், மரங்கள் நெருங்கிய வளைவில் டொக் டொக் என்றதும் துப்பாக்கி என்று நினைத்து முன் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் போய் இறங்கிவிட்டார். அவரைத் திரும்ப எடுப்பதற்குக் கதவைக் கழற்றாத குறைதான். மெர்லிமாவ் போலீஸ் தடுப்பிலோ, பின்னால் ஏதோ ஒளித்து வைத்திருக்கிறான், அது உருள்கிறது என்று தினமும் நிறுத்தி, சீட்டைக் கழற்றி, உதிரி டயரை இறக்கி, மிதியடியைத் தூக்கிப் பார்த்தார்கள். அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள்கூட பஸ்ஸுக்குக் காத்திருக்கிறோம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

தோட்டத்தில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். புகைபோகும் குழாய் தளர்ந்திருக்கிறது என்றார் லாரி ஓட்டுபவர். குழாயைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். பின் பெட்டியில் இருக்கிற ஜாக்கி உருள்கிறது என்றார் கணக்கெழுதும் கிராணி. பெட்டியைக் காலி செய்தார்கள். கண்ணேறு என்றார் பூசாரி, பின்னால் ஒரு பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிட்டார்கள், அதுவும் சேர்ந்து தட்டியது. கடைசியில் அப்பா, நான் உட்கார்ந்து கேட்கிறேன் என்று பின்சீட்டில் ஏறினார். அப்பாவுக்கு ரப்பர் ஷீட்டைக் காயவைக்கும் புகைவீட்டில் வேலை, ஆள் நல்ல கனம். அவர் ஏறினால் காடியின் பின்பக்கம் ஒரு சாண் இறங்கும். தோட்டத்தை இரண்டு சுற்றுச் சுற்றியும் ஒரு டொக்கும் இல்லை. சத்தமே கிடையாது, எல்லாம் உன் மனப்பிராந்தி என்று தம்பியிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் இறங்கிய மறுநிமிஷம் டொக் என்றது.

இந்த லட்சணத்தில்தான் சுங்கை ரம்பாயிலிருந்து சம்பந்தம் வந்தது. பெண்ணின் அப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்ந்தவர். பின்னாளில் எனக்கு லாரித் தாத்தா ஆனவர், இப்போதே அப்படிச் சொல்லிவிடுகிறேன். சடக்கை ஒட்டினாற்போல் பலகை வீடு. நாங்கள் பெண் பார்க்கப் போனபோது அந்தப் பெண் தேத்தண்ணித் தட்டோடு வந்து, தலையைக் குனிந்தபடி எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, உள்ளே போய்த் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டது. சித்தப்பா பார்த்தது ஒரு வகிட்டையும் இரண்டு கைகளையும்தான். அதற்கே மனுஷன் திரும்பி வரும்போது கியர் மாற்ற மறந்து ஒரே கியரில் ஓட்டினார்.

பதில் மரியாதைக்கு லாரித் தாத்தா எங்கள் தோட்டத்துக்கு வர, சித்தப்பா போய்க் காடியில் அழைத்துக்கொண்டு வந்தார். தாத்தா ஒல்லி. பின்னால் தனியாக உட்கார்ந்து வந்தார். வழியெல்லாம் டொக். வீட்டில் வந்து உட்கார்ந்து, முறுக்கைக் கடித்து, தேத்தண்ணியை முழுக்கக் குடித்து, டம்ளரைக் கீழே வைத்த பிறகு நிதானமாகச் சொன்னார்.

“தம்பி நல்ல பிள்ளை. குறை ஒண்ணும் இல்ல. ஆனா பின்னால என்னா தட்டுதுன்னு அவருக்குத் தெரியல. தெரியாமலே நாலு பேரை ஏத்திக்கிட்டு ஓடுறாரு. அதைத் தெரிஞ்சுக்கட்டும், அப்புறம் பேசலாம்.”

அவர் போனதும் அம்மா முதலில் சொன்னது, மாப்பிள்ளை என்று சொல்லாமல் தம்பி என்று சொன்னாரே, கவனித்தீர்களா என்பதுதான். ஆடி முடிவதற்குள் முடிவு சொல்ல வேண்டும். ஏனென்றால் பாச்சாங்கிலிருந்து ஓர் ஆபீஸ் மாப்பிள்ளைக்கும் அந்தப் பெண்ணைக் கேட்டிருந்தார்கள். அவரிடம் இருந்தது சைக்கிள். சைக்கிளில் பின்னால் தட்டுவதற்கு என்ன இருக்கிறது? சித்தப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும் கவலைதான். கல்யாணத்துக்குப் பட்டுப் பாவாடை என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள், மயில் கழுத்து நிறம்.

கனமான ஆள் ஏறினால் சத்தம் அடங்குகிறது, லேசான ஆள் ஏறினால் வருகிறது என்பதை முதலில் யோசித்தது சித்தப்பாதான். அப்படியானால் லேசான ஆள் வேண்டும், காதும் வேண்டும். இரண்டும் சேர்ந்த நான் வீட்டிலேயே இருந்தேன். பின்சீட்டைக் கழற்றி எடுத்துவிட்டு, கோணிச்சாக்கை விரித்து என்னைக் குப்புறப் படுக்கவைத்தார். அம்மாவின் அகப்பையில் சிரட்டையைக் கழற்றிவிட்டுக் காம்பை மட்டும் கையில் கொடுத்தார். ஒரு முனை காதில், மறுமுனை காடியின் தரைத் தகட்டில். இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்க வேண்டும், எங்கே சத்தம் காதைக் குத்துகிறதோ அங்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போட வேண்டும். பத்து வயசில் இதைவிடப் பெரிய உத்தியோகம் யாருக்குக் கிடைக்கும்? அம்மா அகப்பைக்காக ஒருநாள் முழுக்கத் திட்டினாள்.

தோட்டத்துப் பாதை மண் பாதை, அதில் எல்லாமே ஆடும், எது டொக் என்று பிரிக்க முடியாது. தார்ச் சடக்குதான் சரி என்று சித்தப்பா சொன்னார். அதிலும் சுங்கை ரம்பாய்ப் பக்கம்தான் சடக்கு நன்றாக இருக்கிறதாம். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது, படுத்துக்கொண்டு போகிறவளுக்கு என்ன தெரியும். தினமும் சாயங்காலம் கிளம்பி அந்தப் பலகை வீட்டைத் தாண்டிப் பாலம்வரை போய்த் திரும்புவோம். படுத்திருந்தபடியே எனக்கு அந்த வீடு வருவது தெரியும். தையல் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் காடி டொக் என்று நெருங்கியதும் அந்தக் கடகட நின்றுவிடும். தாண்டிப் போன பிறகு மறுபடி ஓட ஆரம்பிக்கும். திரும்பி வரும்போதும் அப்படியே. அறுந்த நூலைக் கோக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். நம் வேலை அதுவல்லவே.

ஒருநாள் சடக்கில் புதிதாக ஒரு தடுப்புப் போட்டிருந்தார்கள். மலாய்க் கார்ப்பரல் ஒருவர் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தார். சீட்டு இல்லாத காடி, கோணிச்சாக்கு, குப்புறப் படுத்த ஒரு சிறுமி, காதில் அகப்பைக் காம்பு. ஆப்பா நி, இது என்ன, என்று கேட்டுவிட்டு வாயை மூடாமல் நின்றார். சித்தப்பா விளக்கினார். கார்ப்பரலுக்கு நம்பிக்கை வரவில்லை. அப்புறம் அவருக்கே ஆசை வந்துவிட்டது. கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டச் சொல்லி, காடியின் கூடவே குனிந்து ஓடிவந்தார். ஒல்லியான மனுஷர், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். டொக் என்றதும் ஒரு கையைத் தூக்கி, “சபெலா கீரி லா!” என்று கத்தினார். இடது பக்கம் என்று அர்த்தம். நான் ஏற்கெனவே இடது பக்கத்தில்தான் கோடு போட்டிருந்தேன். அது முதல் அவர் எங்களைச் சோதிப்பதை விட்டுவிட்டு, நிறுத்தி நலம் விசாரிக்க ஆரம்பித்தார், காடியின் நலத்தை.

என் கோடுகளெல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருந்தன. இடது பின்சக்கரத்துக்குப் பின்னால், ஒரு உள்ளங்கை அகலம். சித்தப்பா அங்கே அடியில் படுத்துப் பார்த்தார். பின்சக்கரத்தைத் தாங்குவது பட்டை பட்டையாக அடுக்கிய எஃகு வில். அதன் வால் பக்கம் இரண்டு இரும்புத் தகடுகளில் ஊஞ்சல் மாதிரி தொங்குகிறது. இரும்பும் இரும்பும் உரசாமல் இருக்க நடுவில் ரப்பரில் ஒரு சின்ன உருளை, அதற்கு புஷ் என்று பெயர். அந்த புஷ் தேய்ந்து, இருந்த இடம் மட்டும்தான் இருந்தது. கனமான ஆள் ஏறினால் வில் தாழ்ந்து இறுக்கிக்கொள்ளும். லேசாக இருந்தால் தொங்கி ஆடும், இரும்பு இரும்பைத் தட்டும். அவ்வளவுதான் விஷயம். சித்தப்பா எழுந்து முகமெல்லாம் கரியோடு என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். என் கவுனில் இருந்த அந்தக் கறை கடைசிவரை போகவில்லை.

ரப்பர் என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். ரப்பருக்கா டவுனுக்குப் போகணும்? உலகத்துக்கே ரப்பர் அனுப்புகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு? அவர் கையில் ஒரு நாளைக்கு எத்தனை ஷீட் காய்கிறது, எத்தனை ஷீட் புகையில் தொங்குகிறது. கிராணியிடம் முறையாகக் கேட்டு, குமிழி விழுந்து கழித்துப்போட்ட ஷீட்டில் ஒரு துண்டு வாங்கிவந்தார். அதைப் பட்டையாக நறுக்கி, வெற்றிலை மடிப்பதுபோல் இறுக்கிச் சுருட்டி, கிரீஸ் தடவி, சுத்தியலால் தட்டி உள்ளே ஏற்றினார். நம்ம தோட்டத்துப் பாலில் செய்த புஷ் என்று லயம் முழுக்கச் சொன்னார். சத்தம் நின்றது. அன்றைக்கு அப்பா நடந்த நடையே தனி.

சரியாக மூன்றாம் நாள் டொக் திரும்பி வந்தது. அடியில் பார்த்தால் அப்பாவின் புஷ் கிரீஸோடு சேர்ந்து பாகு மாதிரி இளகி, இரும்பெல்லாம் வழிந்து, தூசியும் ஒரு செத்த வண்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தது. வேறு ஊர்க்காரன் எவனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். நாள் முழுக்க ரப்பரோடு கிடக்கிற எங்களுக்குத்தான் அது தெரியாமல் போயிற்று. அப்பா அன்றைக்குச் சோற்றுக்கு வராமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார், அம்மா வேண்டுமென்றே இரண்டு தரம் சாப்பிடக் கூப்பிட்டாள்.

சித்தப்பா என்னையும் ஏற்றிக்கொண்டு பாச்சாங்குக்குப் போனார். அங்கே ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், பட்டறை வைத்திருந்தார். அப்பாவின் ரப்பரைச் சுரண்டி எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “இனி மெந்தா லா” என்றார். இது பச்சை, வேகாதது. கந்தகம் போட்டு வேகவைத்தால்தான் எண்ணெய்க்கும் சூட்டுக்கும் தாங்குமாம். உங்கள் அரிசிதான், ஆனால் சோறாக்காமல் இலையில் போட்டுவிட்டீர்கள் என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். புது புஷ் போட்டு, நட்டை எப்படி முறுக்க வேண்டும், ஸ்பேனரை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று சித்தப்பாவுக்குக் காட்டினார். பக்கத்தில் குந்தியிருந்த நானும் பார்த்துக்கொண்டேன். எனக்கும் ஒரு தரம் இழுக்கக் கொடுத்தார்.

திரும்பும்போது காடி பூனை மாதிரி வந்தது. மெர்லிமாவ் தடுப்பில் கையாட்டிப் போகச் சொன்னார்கள். அன்றைக்கு அங்கே காவலுக்கு நின்ற நம் கார்ப்பரல் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, ஒன்றும் கேட்காததால் கொஞ்சம் ஏமாந்துபோனார். எங்கள் தோட்டத்து முச்சந்தி வந்தது. சித்தப்பா உள்ளே திரும்பாமல், எதற்கும் ஒரு தரம் பார்த்துவிடுவோம் என்று சுங்கை ரம்பாய்க்கே விட்டார். பலகை வீடு வந்தது. தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தாண்டினோம். மிஷின் நிற்கவில்லை. பாலத்தில் திரும்பி மறுபடி வந்தோம், ரொம்ப மெதுவாக. அப்போதும் நிற்கவில்லை. நான் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன், சத்தம் ஒழிந்ததே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். வேலை முடிந்த சித்தப்பாவுக்கு முகம் ஏன் இப்படிச் சுருங்கிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி டொக்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அகப்பைக் காம்பை எடுத்துக்கொண்டு போய்ப் படுத்தேன். இடம் அதே இடம்தான், சத்தம் வேறு. முன்னால் மொத்தையாகத் தட்டியது, இது கணீரென்று தட்டியது. நட்டு தளர்ந்திருக்கிறது என்று சித்தப்பாவிடம் சொன்னேன். பார்க்கிறேன், பார்க்கிறேன் என்றார். பார்க்கவில்லை. தினமும் சாயங்காலம் சுங்கை ரம்பாய்ப் பக்கம் போய்வருவதை மட்டும் நிறுத்தவில்லை. மிஷின் மறுபடி நின்று நின்று ஓடியது. அந்த வீட்டில் நூல் சரியில்லை போலிருக்கிறது என்று அம்மாவிடம்கூடச் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தாள், சித்தப்பாவைப் பார்த்தாள், முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு எங்கள் மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றுவார்கள். அதற்கு லாரித் தாத்தாவை அழைத்திருந்தோம். சித்தப்பா போய் அழைத்து வரவேண்டும், அதுதான் பரீட்சை. அன்றைக்குக் காலையில் எழுந்து கேட்டேன், காடியை யாரோ தள்ளி நிறுத்தும்போது கணீர் என்றது. இந்த மனுஷர் மறந்துபோய் இப்படியே போய் நிற்கப்போகிறார், பெண் பாச்சாங்குக்குப் போய்விடும், என் பாவாடையும் போய்விடும். சித்தப்பா குளிக்கப் போன சமயம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தேன். தவுக்கே சொன்ன பக்கம் பிடித்து, இரண்டு காலையும் சக்கரத்தில் உதைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து இழுத்தேன். ஒரு முழுச் சுற்று உள்ளே போய் இறுகியது.

சித்தப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பலகை வீட்டை நெருங்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினார். அங்கே நிறுத்தாமல் வழக்கம்போல் பாலத்துக்கு விட்டார், காடி பூனை மாதிரி தாண்டியது, மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்தி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்பேனரோடு அடியில் போனவர், போன வேகத்தில் வெளியே வந்தார். யார் முறுக்கியது என்று கேட்டார். நான்தான் என்றேன், தலையை நிமிர்த்திக்கொண்டு. பாராட்டு வரும் என்று காத்திருந்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் சிரித்தார். நல்லதுதான் செய்தாய், அங்கே போய் வாயை மட்டும் திறக்காதே என்றார்.

திரும்பி வந்தபோது பலகை வீட்டு வாசலில் லாரித் தாத்தா வெள்ளை வேட்டியோடு தயாராக நின்றார். அவர் உடனே ஏறவில்லை. பின்னால் போய் பம்பரில் ஒரு காலை வைத்து, அமுக்கி, விட்டு, மறுபடி அமுக்கினார். சத்தமில்லை. என்ன கோளாறு என்று கேட்டார். சித்தப்பா எல்லாவற்றையும் சொன்னார், அகப்பைக் காம்பையும் அப்பாவின் வேகாத ரப்பரையும்கூட மறைக்கவில்லை. தாத்தா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பாச்சாங் போய்வந்து எத்தனை நாளாகிறது என்று விசாரித்தார். பத்து நாள் என்றார் சித்தப்பா.

“அப்போ முந்தாநாள் இந்தச் சடக்குல தட்டிக்கிட்டே போன காடி யாருது, தம்பி?”

எனக்குப் பொறுக்கவில்லை. கண்டுபிடித்தது நான், முறுக்கியது நான், இந்தத் தாத்தாவோ எங்களைச் சத்தம் தெரியாதவர்கள் என்று நினைக்கிறார். சித்தப்பா சொன்னது அந்த நிமிஷத்தில் சுத்தமாக மறந்துபோயிற்று.

“அது புஷ் இல்ல தாத்தா, நட்டு. தளர்ந்திருந்துச்சு. இன்னிக்குக் காலையில நான்தான் முறுக்கினேன்.”

சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். தாத்தா என் பக்கம் திரும்பவே இல்லை. தெரியும், கணீர்னுதானே தட்டுச்சு என்றார். புதிதாகப் போட்ட நட்டு பத்து நாளில் தானாகத் தளராது, யார் தளர்த்தியது என்று சித்தப்பாவிடம் கேட்டார். அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த மிஷின் நின்றது. சடக்கில் வேறு வண்டிகூட இல்லை.

“நான்தான் மாமா. ஒரே ஒரு சுத்து.”

எதற்கு என்று கேட்டார் தாத்தா. சித்தப்பா மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டார். கீழே பார்த்தார். அப்புறம், வேண்டுமென்று இல்லை, அவரையும் அறியாமல் ஜன்னலைப் பார்த்தார். சட்டென்று மறுபடி கீழே பார்த்துக்கொண்டார். தாத்தாவும் மெல்லத் திரும்பி அந்த ஜன்னலைப் பார்த்தார். அங்கே ஒரு திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். எல்லாம் முடிந்தது, பாவாடை போயிற்று என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தாத்தா கடைசியாக ஒன்று கேட்டார், அந்த ஒரு சுற்றில் அது கழன்று விழுந்துவிடாதா என்று. விழாது, தினமும் ராத்திரி கை வைத்துப் பார்ப்பேன், ஆள் ஏற்றும்போது முறுக்கிவிடுவேன் என்றார் சித்தப்பா. தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“சரி. வண்டியை எடுங்க, மாப்பிள்ளை.”

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. தெரியாமல் தட்டியபோது பெண் கிடையாது என்றவர், காடியை வேண்டுமென்றே கெடுத்தேன் என்று சொன்னவருக்குப் பெண் தருகிறார். பெரியவர்களுக்கு எல்லாம் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்தேன். நட்டை முறுக்கியதற்கு யாரும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை. அந்த வருத்தத்திலும் கோவிலில் மூன்று கிண்ணம் கூழ் குடித்தேன். அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவரும் சிரித்தார், வேகாத ரப்பருக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆவணியில் கல்யாணம். மயில் கழுத்துப் பாவாடை வந்தது. சித்தி எங்கள் லயத்து வீட்டுக்குத் தையல் மிஷினோடு வந்தாள். வந்த அன்றைக்கே என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, நீதான் நட்டு முறுக்கினவளா என்று கேட்டு, கன்னத்தைக் கொஞ்சம் பலமாகவே கிள்ளினாள். பிரியத்தில் கிள்ளுகிறாள் என்று நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்லமுடியாது.

சித்தப்பாவின் காடி அதற்கப்புறம் தட்டவே இல்லை. ஆட்கள் பயமில்லாமல் ஏறினார்கள். சாயங்காலம் வேலி வாசல் மூடுவதற்குள் திரும்பி வந்துவிடுவார். அந்த நேரத்தில் சித்தி ஜன்னல் பக்கம் மிஷினில் தைத்துக்கொண்டிருப்பாள், நான் தரையில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருப்பேன். திடீரென்று கடகட நின்றுவிடும். சித்தி எழுந்து தலையைச் சரிசெய்துகொள்வாள். எனக்கு ஒன்றும் கேட்காது. அவள் அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்த பிறகுதான், தூரத்தில், வேலிக்கு அந்தப் பக்கம், காடி வருகிற மெல்லிய உறுமல் என் காதுக்கு வரும்.

எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. இந்தத் தோட்டத்தில் என்னைவிடக் காது கூர்மையாக ஒருத்தியா? அதுவும், முன்பெல்லாம் டொக் கேட்டால்தான் மிஷினை நிறுத்தியவள், சத்தமே இல்லாமல் வருகிற காடியை இப்போது எப்படிக் கேட்கிறாள்? பொறாமை தாங்காமல் அம்மாவிடம் போய்க் கேட்டேன். அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை.

“உனக்கும் ஒருநாள் கேக்கும்டி, போ.”

ஒருநாள்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. மறுநாளே அகப்பைக் காம்பைத் தேடி எடுத்துவந்து, வாசல் பலகையில் குப்புறப் படுத்து, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைத் தரையிலும் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். எறும்பு ஊர்கிறதுகூடக் கேட்கிற மாதிரி இருந்தது. காடி கேட்கவில்லை. மிஷின்தான் முதலில் நின்றது.